டிராகன் ஏன் விழுந்தது?

லீவுக்குப் பேரன் கோச்சடை வீட்டுக்கு வந்திருக்கிறான். கையில் எந்நேரமும் ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’. 2012-இல் ஒரு பின்லாந்து கம்பெனி விட்ட விளையாட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

கூட ஆடும் சின்னப் பையன் ஒருவன், "அண்ணே, என் டிராகன் எல்லாம் ஏன் உடனே செத்துப்போகுது?" என்று கேட்டான். இன்னொருவன், "இதுகூடத் தெரியாதா? யூடியூப் பாரு" என்றான். என் பேரனோ, "எதிரியோட ஏர் டிஃபென்ஸ் எங்க இருந்துச்சு, பாத்தியா?" என்று திருப்பிக் கேட்டான். பீரங்கி தரைப்படையை மட்டும்தான் சுடும், ஏர் டிஃபென்ஸ் பறப்பதை மட்டும்தான் அடிக்கும். அதனால் முதலில் மின்னல் மந்திரம் போட்டு அதை உடை, பிறகு டிராகனை இறக்கு என்றான்.

பதில் என்றால் இப்படிக் காரணத்தோடு சொல்ல வேண்டும். அந்தப் பையன் அடுத்து பலூன் படைக்குத் தானே யோசித்துக்கொள்வான்.

ஆசிரியர் பயிற்சியில் எனக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் ஆறாம் வகுப்பில் ஒருத்தி, "பின்னத்தால வகுக்க ஏன் சார் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்?" என்றபோது, "கேள்வி கேக்காம கணக்கைப் போடு" என்று உட்காரவைத்துவிட்டேன். அப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை.

இதைப் படிக்கிறாயா அம்மா? ஒரு படியில் கால்படி நாலு தடவை போகும். அதனால்தான் காலால் வகுக்க நாலால் பெருக்குகிறோம். அரைப்படியில் அதில் பாதி, ரெண்டு தடவை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.