மெய் மயங்கும் செவிகள்

ஊரிலிருக்கும் எங்கள் அன்னையாரிடம் சென்ற மாதம் ஓர் இரவு, "மாத்திரை தட்டில் இருக்கிறது" என்று செல்பேசியில் உரக்கக் கூறினோம். அவரோ கட்டிலில் தேடிக் களைத்து, மருந்துண்ணாமலே உறங்கிவிட்டார். மறுநாள் வினவியபோது, "நீதானே கட்டில்னு சொன்னே?" என்றார். குற்றம் அவருடையதன்று.

மூப்பினால் வரும் செவிக்குறை, உயர் அதிர்வெண் ஒலிகளையே முதலில் கவர்ந்துகொள்கிறது. உயிரொலிகளின் வலிமை பெரிதும் தாழ் அதிர்வெண்களில் உள்ளது. ககரத்தையும் தகரத்தையும் பிரித்துக் காட்டும் நுண்கூறுகள் பெரும்பாலும் மேலே உள்ளன. ஆகவே உயிர் கேட்கும், மெய் மயங்கும். போதாக்குறைக்கு, பழைய தொலைபேசி முறை ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தியது. நாம் கத்தும்போது பெருகுவது பெரும்பாலும் உயிரொலியே.

முதியோருக்கென்றால் 'பெரிய பொத்தான், பெரிய சத்தம்' போதும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெரிய பொத்தான் கண்ணுக்கு உதவும். செவிக்கு வேண்டியது தெளிவு. வோல்ட்டி வழியே எச்டி குரல் அழைப்பைத் தரும் பேசி, 7000 ஹெர்ட்ஸ் அளவுக்கும் ஒலியைக் கொண்டுசேர்க்க வல்லது. ஆனால் இருமுனைப் பேசிகளும் இணைப்பும் அதற்கு இடந்தர வேண்டும். காதுக் கருவி அணிபவராயின், அது புளூடூத் வழியாகவோ டெலிகாயில் வழியாகவோ அந்தப் பேசியோடு இசையுமா என்று கடையிலேயே சோதித்தல் நலம். கீச்சிடும் அழைப்பு மணியை விலக்கி, தாழ்ந்த ஒலியையும் அதிர்வையும் ஒளிச் சிமிட்டலையும் அமைக்கலாம். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலிகள் தமிழுக்கும் உண்டு. எனினும் அவையும் பிழைபடும். மருந்து பற்றிய செய்தியைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுவதே காப்பு.

நிற்க. நாம் கழித்த பழைய பேசியைப் பெற்றோர் கையில் திணிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பிறகு, "அப்பாவுக்குப் போனில் பேசவே பிடிப்பதில்லை" என்று குறைப்படுகிறோம். பிடிக்காமலில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் 'என்ன, என்ன' என்று கேட்க நாணுகிறார். அந்த நாணமே மெல்ல மௌனமாகிறது.

1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல்லின் தாயாரும் செவிக்குறையுடையவர். அவர் பின்னர் மணந்த மனைவியும் அவ்வாறே. அத்தகையோர் நடுவே வாழ்ந்தவர் தந்த கருவி, நம் வீட்டு முதியோரை ஊமையாக்கலாகாது.

அன்பர்களே, அடுத்தமுறை பேசி வாங்கச் செல்கையில் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கடையில் நின்று ஓர் அழைப்பு விடுத்து, 'தட்டு' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் செவியில் என்ன விழுகிறதோ, அதுவே தீர்ப்பு.