பூஜ்யம் எழுதத் தெரியணும்

உசிலம்பட்டியில் கொட்டித் தீர்க்கும் நாளில் மேலூரில் ஒரு சொட்டு விழாமல் போவதுண்டு. செய்தியில் ‘மதுரையில் மழை’ என்று ஒரே வரிதான்.

பசுமைப் படை மாணவர்கள் மழை அளப்பதை ‘பிள்ளைங்க விளையாட்டு’ என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மழைமானி என்ன பெரிய வித்தையா? ஒரு புனல், ஒரு அளவுக்குழாய். காலை 8.30க்குப் பார்க்கணும், எழுதணும், கொட்டணும். 1 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். கேரளத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் அளக்கும் மழை, கீழே குடியிருப்பவர்களுக்கு வெள்ள எச்சரிக்கையாகப் போகிறது.

இங்கே? மானி வைத்த அன்று போட்டோ. பரிட்சை லீவு முடிந்து வந்தால் குழாயில் கொசுப்புழு. மழை பெய்யாத நாளை யாரும் எழுதுவதே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான். கட்டம் வெறுமையாக இருந்தால் மழை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா? மானாவாரியில் கடலை போட்டவருக்கு, எத்தனை நாள் காய்ந்தது என்பதற்கு அந்தப் பூஜ்யங்கள்தான் சாட்சி. நோட்டோ, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக பீரோவில் பத்திரமாகத் தூங்குகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் அதை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் வேண்டாம், அளந்த பிள்ளையே வாசிக்கட்டும்.