பழிகரப்பும் ஒரு றொக் பாடலும்

மேனாட்டு றொக் இசை வெற்றாரவாரமே எனத் தள்ளுவோர் நம்முட் பலர். அன்னார் அலிஸ் கூப்பர் குழுவினர் 1972 இல் வெளியிட்ட ‘எலெக்டெட்’ என்னும் பாடலைச் செவிமடுத்தல் நன்று. அமெரிக்கச் சனாதிபதிப் பதவிக்கு நிக்சனும் மக்கவர்னும் போட்டியிட்ட ஆண்டு அது. பாடகன் இருவரையும் பெயர்சுட்டி வைதிலன். தானே வேட்பாளனாகித் தற்புகழ்ச்சி முழக்குகின்றான். இறுதியிலோ, மக்கள் இடர்பற்றித் தனக்குக் கவலையில்லை என்னும் உண்மையையும் உரைத்துவிடுகின்றான். தொல்காப்பியர் பழிகரப்பு என்று வகுத்த அங்கதம் இதுவன்றோ? ஆரவாரம் பாடலின் குற்றமன்று. அது தேர்தல் மேடையின் ஆரவாரத்தைக் காட்டும் கண்ணாடி.

அத்தேர்தலில் 49 மாநிலங்களை வென்ற நிக்சன், வாட்டர்கேற் ஊழலால் 1974 இல் பதவி துறந்தார். ஆதலின் ஆசிரியர்காள், அங்கதம் கற்பிக்குங்கால் இப்பாடலையும் எடுத்துக்காட்டுக. வாக்குரிமை எய்துமுன்னரே போலிச் சொல்லை இனங்காணுஞ் செவி மாணவர்க்கு வாய்த்தல் வேண்டும்.