சக்கரத்துக்கு மேலே நாலு விரல்

போன தை மாதம் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை அழைத்துப் போக அக்காள் மகன் காருடன் வந்திருந்தான். கார் எனக்குப் பழக்கமானதுதான். 1998-ஆம் வருஷத்து மாருதி 800. மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த என் அத்தான் வாங்கி, கடைசிவரை ஓட்டிய வண்டி. ஆனால் அன்று அது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடை காக்கிற கோழி மாதிரி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

"எப்படி மாமா, நம்ம வண்டி?" என்றான் பெருமையாக.

"ஏன் மாப்பிள்ளை, நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பஞ்சரா?" என்றேன்.

பையன் சிரித்துவிட்டான். பிறகு விஷயத்தைச் சொன்னான். பட்டறையில் கொடுத்து நாலு ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி எடுத்தாயிற்று. பழைய இரும்பு டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, பதினான்கு அங்குல அலாய் வீல் நாலு பூட்டியாயிற்று. முன்பெல்லாம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்குமாம். அது பார்க்கச் சகிக்கவில்லையாம். இப்போது ஒரு விரல்கூட நுழையாது. விரலை வைத்துக் காட்டவும் செய்தான்.

அந்த நாலு விரல் இடைவெளிக்காகத்தான் இந்தக் கட்டுரை. "உன்னைத் திட்டி எழுதப் போகிறேன்" என்று அவனிடமே சொன்னேன். "எழுதுங்க மாமா, ஆனா நான் சொல்றதையும் எழுதணும்" என்றான். நியாயமான நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'இந்தக் காலத்துப் பையன்களே இப்படித்தான்' என்று ஆரம்பிக்கிற பெரியவர்களின் கட்சியில் நான் இல்லை. வண்டியைச் சிங்காரிப்பது நமக்குப் புதிதா என்ன? மாட்டின் கழுத்தில் வெண்கல மணி கட்டியதும், கொம்புக்கு வர்ணம் தீட்டிக் குஞ்சலம் தொங்கவிட்டதும் யார்? இதே பெரியவர்களின் தகப்பனார்கள்தான். ஓட்டுகிற வண்டியின்மேல் ஆசை வைக்காதவன் அதற்கு எண்ணெயும் ஒழுங்காகப் போட மாட்டான். என் மருமகனின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசை கை வைத்த இடத்தைத்தான் குறை சொல்கிறேன்.

எங்கள் தாத்தா வீட்டு மாட்டு வண்டியில் மணி இருந்தது, வர்ணம் இருந்தது, நுகத்தடியில் பித்தளைப் பூண்கூட இருந்தது. ஆனால் சக்கரத்தின் உயரத்தில் யாரும் விளையாடியதில்லை. சிறுவனாக நான் பக்கத்தில் நின்றால் வட்டையின் மேல்விளிம்பு என் நெற்றிக்கு வரும். ஏன் அவ்வளவு உயரம்? கரிசல் காடு ஐயா, கரிசல் காடு! மழை பெய்தால் மண் உப்பிக் களியாகிக் குடம் வரை இழுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மாட்டின் கால் இறங்குகிற அளவுக்கு வாயைப் பிளக்கும். சின்னச் சக்கரம் அந்த வெடிப்பில் விழுந்துவிடும். பெரிய சக்கரம் அதன்மேல் உருண்டு போய்விடும். குடமும் ஆரக்காலும் செதுக்கிய ஆசாரி பௌதிகம் படித்தவரல்ல, மண்ணைப் படித்தவர்.

அந்த மண் இன்றைக்கும் அதே மண்தான். அதன்மேல் தார் போட்டுவிட்டதால் அதன் சுபாவம் மாறிவிடாது. ஐப்பசியில் உப்பும், சித்திரையில் சுருங்கும். மேலே கிடக்கிற சாலையும் கூடவே எழும்பித் தாழும். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையைச் சொல்லவில்லை. ரமணர் பிறந்த திருச்சுழிக்கும், அங்கிருந்து நரிக்குடிக்கும், உள்ளே கிடக்கிற கிராமங்களுக்கும் போகிற சாலைகளைச் சொல்கிறேன். என் அக்காள் வீடு அப்படியொரு கிராமத்தில்தான் இருக்கிறது.

'மாட்டு வண்டிக்குப் பெரிய சக்கரம் சரி, காருக்குச் சின்னச் சக்கரம்தானே கொடுத்திருக்கிறார்கள்?' என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. 1959-ல் இங்கிலாந்தில் 'மினி' காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் அதற்குப் பத்தே அங்குலச் சக்கரம் வைத்தார். கஞ்சத்தனம் அல்ல, சக்கரம் விழுங்குகிற இடத்தை மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கருணை. 1983 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-க்குப் பன்னிரண்டு அங்குலம். நாலு பேர் உட்காருகிற வண்டி மூன்றேகால் மீட்டர் நீளத்துக்குச் சற்றே மேல். அதற்குள் வேறு வழியில்லை. ஆனால் சக்கரம் சின்னதான அன்றே, குழியைச் சமாளிக்கிற வேலை ஸ்பிரிங்கின் தலையில் விழுந்துவிட்டது. அந்த ஸ்பிரிங் அமுங்குவதற்கும், சக்கரம் மேலே துள்ளுவதற்கும் விட்டுவைத்த இடம்தான் அந்த நாலு விரல்.

என் மருமகன் அதைக் காலி இடம் என்று நினைத்தான். கண்மாயில் தண்ணீர் இல்லாத மாதத்தில் அதைப் பார்த்து 'சும்மாதானே கிடக்கிறது' என்று வீடு கட்டுகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கண்மாய் சும்மா கிடக்கவில்லை. மழைக்காகக் காத்துக் கிடக்கிறது. மட்கார்டுக்குள் இருக்கிற இடமும் குழிக்காகக் காத்துக் கிடக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டினால் உயரம் மட்டும் குறையும் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். அது பாதி உண்மை. சுருள் ஸ்பிரிங் என்பது என்ன? நீளமான ஒரு கம்பியைச் சுற்றி வைத்தது; பாரம் விழும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்கிறது. நீளக் கம்பி எளிதில் முறுங்கும், குட்டைக் கம்பி விறைக்கும். வேலை செய்கிற ஆறு சுற்றில் ஒன்றரையை வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடிவிடும். ஆக, அமுங்குவதற்கு இடமும் குறைந்தது, அமுங்குகிற குணமும் குறைந்தது. ஷாக் அப்ஸார்பரோ பழைய நீளத்துக்கும் பழைய மென்மைக்கும் செய்தது. அது புதுக் குட்டை ஸ்பிரிங்கோடு ஒத்துப்போகாது. வண்டி ஒரு பக்கம் தூக்கிப் போட்டால், வெட்டுப்பட்ட ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். சில பட்டறைகளில் வெட்டுவதற்குப் பதில் காஸ் விளக்கால் காய்ச்சி இறக்குகிறார்கள். அது இன்னும் மோசம். எஃகுக்குப் பதம் போய்விடும்.

சக்கரக் கணக்கையும் பார்ப்போம். பழைய டயரில் '145/70 ஆர் 12' என்று போட்டிருக்கும். டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு எழுபது பங்கு, அதாவது 101 மில்லிமீட்டர், ரப்பர் சுவரின் உயரம். உள்ளே இரும்பு டிஸ்க் 12 அங்குலம். மொத்தச் சக்கரம் 508 மில்லிமீட்டர் சுமார். அதே மொத்த உயரத்துக்குள் 14 அங்குல வீலைப் புகுத்தினால் ரப்பர் சுவருக்கு மிஞ்சுவது 76 மில்லிமீட்டர்தான். சக்கரம் பெரிதாகவில்லை, வாசகர்களே! உலோகம் பெரிதாயிற்று, ரப்பர் சிறுத்தது. குழியில் முதல் அடியை வாங்கிக்கொள்கிற மெத்தையில் கால்வாசி போயிற்று. இரும்பு டிஸ்க் நெளிந்தால் சாலையோரக் கடையில் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். அலாய் வீல் பலமான அடியில் விரிசல் விடும். அதைத் தட்டி நிமிர்த்த எந்தக் கொல்லனாலும் முடியாது.

இப்போது அவன் பக்கத்து வாதம். வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா?

"தாழ்ந்த வண்டி வளைவில் சாயாது மாமா. ரேஸ் கார் எல்லாம் அப்படித்தான்" என்றான். உண்மை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோயமுத்தூரிலும் இருக்கிற பந்தயத் தளங்களில் அதுதான் சரி. அங்கேகூட ஸ்பிரிங்கை வெட்டுவதில்லை. குட்டை ஸ்பிரிங்கும் அதற்கு இணையான ஷாக் அப்ஸார்பரும் சேர்த்துச் செய்து போடுவார்கள். ஆனால் அந்தத் தளத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வராது. சோளத்தட்டையைச் சாலையில் உலர்த்த மாட்டார்கள். நாற்பது குதிரைத் திறனைத் தொடாத என்ஜினை வைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு பள்ளம் இருக்கிற சாலையில் எந்த வளைவை என்ன வேகத்தில் வெல்லப் போகிறாய், மாப்பிள்ளை?

"என் வண்டி, என் காசு" என்றான் அடுத்தபடியாக. இதற்குப் பதில் சொல்வதற்கு முன் மார்கழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதை எனக்குச் சொன்னவன் அவனேதான், மறைக்கவில்லை.

அத்தான் காலத்திலிருந்து அந்தக் காரின் சாவி வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், பாம்பு கடித்தாலும், வந்து கதவைத் தட்டலாம். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் வேறு யாராவது ஓட்டிப் போவார்கள். மார்கழியில் ஒரு ராத்திரி நாலாவது வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. பக்கத்திலேயே கார் நிற்கும்போது எதற்குக் காத்திருப்பது என்று, பெண்ணையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். ஊர் எல்லையிலேயே ஒரு வேகத்தடை. வண்டியின் வயிறு தட்டி நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. என்ன செய்வது? பாரம் குறைந்தால் ஏறும். வலி கண்ட பெண் இருட்டில் இறங்கி, மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த மேட்டைக் கால்நடையாகக் கடந்தாள். வழியில் இப்படி மூன்று இடங்களில் இறங்கி ஏறினாளாம்.

தெய்வாதீனமாகத் தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அந்த மாமியார் சொன்ன வார்த்தையையும் அவன்தான் எனக்குச் சொன்னான்: "இதுக்கு மாட்டு வண்டியிலே வந்திருந்தா எறங்கி எறங்கி ஏற வேண்டாமேப்பா."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "தப்பு என் கார்மேல இல்ல மாமா, அந்த ஸ்பீட் பிரேக்கர்மேல" என்றான்.

இதில் அவனுக்குப் பாதி வெற்றி உண்டு. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயம் அளவு வகுத்திருக்கிறது: பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெள்ள ஏறி மெள்ள இறங்குகிற வளைவு. அந்த அகலம் மாருதி காரின் நீளத்தைவிட அதிகம்! அப்படிக் கட்டினால் முழு வண்டியும் அதன்மேல் ஏறி நின்றுவிடலாம், வயிறு தட்டாது. நம் ஊர்களில் கட்டியிருப்பதோ வரப்பு. சில இடங்களில் திண்ணை. வர்ணமும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. இதைக் கட்டினவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனால் மாப்பிள்ளை, அவர்கள் திருந்துகிற வரையில் வயிற்றுப் பிள்ளை காத்திருக்குமா? சாலை மோசம் என்று தெரிந்தவன் வண்டியை உயர்த்தி வைக்க வேண்டுமா, தாழ்த்தி வைக்க வேண்டுமா?

சட்டத்தைக் காட்டி அவனைப் பயமுறுத்தும்படி அக்காள் சொன்னாள். சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஆனால் போலீஸ்காரர் நிறுத்துவார் என்பதற்காக ஒருவன் ஸ்பிரிங்கை மாற்றினால், போலீஸ்காரர் இல்லாத சாலையில் மறுபடியும் வெட்டுவான். எனக்கு அந்த வெற்றி வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். 'என் வண்டி' என்கிறாய். ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் அது உன் வண்டிதான். பின் இருக்கையில் ஒரு நாள் உட்கார்ந்து பார். அங்கேதான் உன் அம்மா உட்காருகிறாள். தெருவின் நோயாளிகள் உட்காருகிறார்கள். வெட்டின ஸ்பிரிங்கின் அடி அவர்கள் முதுகெலும்பில்தான் இறங்குகிறது. அழகு வெளியே நின்று பார்க்கிறவனுக்கு, அடி உள்ளே இருக்கிறவனுக்கு என்றால், அது என்ன அழகு? வண்டிக்கு வர்ணம் அடி. இருக்கைக்கு நல்ல உறை போடு. அலாய் வீல்தான் வேண்டுமென்றால் பழைய பன்னிரண்டு அங்குலத்திலேயே, அதே நாலு போல்ட்டுக்குச் சரியாக உட்காருவதாகத் தேடிப் போடு. உங்கள் அப்பா விட்டுப் போன அந்த நாலு விரலில் மட்டும் கை வைக்காதே.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். நானும் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

போன வாரம் போனில் கூப்பிட்டான். "மாமா, மதுரையில புது ஸ்பிரிங் செட் சொல்லியிருக்கேன். ஷாக் அப்ஸார்பரும் சேர்த்து மாத்திடறேன்" என்றான். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. அடுத்த நிமிஷமே, "ஆனா வீலு பதினாலுதான் மாமா. அதுல கை வைக்காதீங்க" என்றான்.

சரி. மருமகனிடம் ஒரே மூச்சில் இரண்டு வெற்றியும் கேட்பது பேராசை. சக்கரச் சண்டையைச் சித்திரையில் நேரில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். போகும்போது பின் இருக்கையில்தான் உட்காரப் போகிறேன்.