பூட்டிய அறையில் சட்டம் செய்யாதே!

கொடைக்கானல் மலையில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது. ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் ஆலை அது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது அம்பலமாயிற்று. ஜனங்கள் ஆலை வாசலில் திரண்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஆனால் உள்ளே பாதரசத்தோடு புழங்கி உடம்பைக் கெடுத்துக்கொண்டோம் என்று முறையிட்ட தொழிலாளிகளின் கதி என்ன? எங்கள் ஆலையால் எவர் உடம்புக்கும் கெடுதி நேரவில்லை என்று கம்பெனி வருஷக்கணக்கில் சாதித்தது. தொழிலாளிகள் சங்கம் கட்டினார்கள். சென்னை ஹைகோர்ட்டின் படி ஏறினார்கள்.

2015 ஜூலை கடைசியில் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் இந்தக் கொடுமையை ஒரு பாட்டாகப் பாடி யூடியூபில் ஏற்றினார். சில நாட்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். லண்டனில் உட்கார்ந்திருக்கும் யூனிலீவர் தலைவரே வாய் திறந்து பதில் சொல்ல நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளிகளோடு கம்பெனி சமரச ஒப்பந்தம் செய்துகொண்டது. பாட்டு ஒன்றே இதைச் சாதித்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பதினைந்து வருஷம் விடாப்பிடியாக நின்றவர்கள் தொழிலாளிகள், வெற்றி அவர்களுடையது. ஆனால் மலை மேல் அமுங்கிக் கிடந்த குரல் உலகத்தின் காதுக்கு எட்டியது அந்த மேடை வழியாகத்தான். இதை மறைப்பதில் பயனில்லை.

சரி, அந்த மேடை யாருடைய சொத்து? கூகிள் கம்பெனியுடையது. எந்தப் பாட்டை முன்னே தள்ளுவது, எதைப் பின்னுக்குத் தள்ளிப் புதைப்பது என்று அதன் கணக்கு யந்திரம் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கை நமக்குக் காட்டுவதில்லை. மில் முதலாளியாவது கூலிப் பட்டியலை ஒரு சுவரில் ஒட்டுவான்!

இவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் தோழர்கள் சிலர் தயங்குகிறார்கள். கம்பெனியின் கடிவாளத்தை சர்க்கார் கையில் கொடுத்தால், நாளைக்கு அதே கடிவாளம் நம் வாயில் மாட்டப்படும் என்கிறார்கள். இந்தப் பயம் வெறும் பிரமை அல்ல. 2024ல் நடந்ததைப் பாருங்கள்.

அந்த வருஷம் மத்திய சர்க்கார் ஒலிபரப்பு மசோதா ஒன்றைத் திருத்தி எழுதியது. யூடியூபில் நாட்டு நடப்பு பேசும் தனி மனிதர்களையும் அதன் வலைக்குள் கொண்டுவரும் ஷரத்துகள் இருப்பதாகச் செய்தி கசிந்தது. மசோதா ஜனங்களுக்கு வெளியிடப்பட்டதா? இல்லை! பொறுக்கி எடுத்த சிலருக்கு மட்டும், பிரதி வெளியே போனால் யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கும்படி அடையாளக் குறி போட்டுத் தந்தார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு ஆகஸ்டில் பிரதிகளைத் திருப்பிக் கேட்டார்கள். மேலும் ஆலோசித்துப் புது நகல் தயாரிப்போம் என்றார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் “சம்பந்தப்பட்டோருடன் ஆலோசனை”! பூம்பாறையில் பூண்டு பிடுங்கும் கூலிப் பெண் சம்பந்தப்பட்டவள் இல்லையா? அவள் கையிலும் செல்போன் இருக்கிறது. அவள் கூலி பாக்கியை எடுத்துச் சொல்லும் வீடியோவும் அந்தச் சட்டத்தின் நிழலில்தானே வரும்?

2025 ஜனவரியில் சொந்த விவரங்களின் பாதுகாப்பு பற்றிய விதிகளின் நகலை வெளியிட்டார்கள். கருத்துச் சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். ஆனால் வருகிற கருத்துகளை எவருக்கும் காட்டமாட்டோம் என்றும் கூடவே அறிவித்தார்கள். கம்பெனிக்காரன் என்ன கேட்டான், சர்க்கார் எதற்குத் தலையாட்டியது என்பது நமக்குத் தெரியாது. மேடைக் கம்பெனிகளின் முடிவை எதிர்த்து முறையிட 2023ல் மூன்று அப்பீல் கமிட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். அத்தனை பேரையும் நியமிப்பது மத்திய சர்க்கார். யூனியனுக்கு அங்கே ஒரு முக்காலி கூடக் கிடையாது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1948ம் வருஷக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி அமைத்த கமிட்டிகளில் முதலாளிகளின் பிரதிநிதிகள் எத்தனையோ அத்தனை பேர் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கவேண்டியிருந்தது. சுயேச்சையானவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. 1957ல் பஞ்சாலைத் தொழிலுக்கு சம்பள போர்டு போட்டபோதும் தொழிலாளர் பிரதிநிதிகள் அதில் உட்கார்ந்தார்கள். இதெல்லாம் யாரும் தானமாகக் கொடுத்ததா? வேலைநிறுத்தம் செய்து, தடியடி பட்டு வாங்கியது. அந்த போர்டுகள் எல்லாம் செய்து கொடுத்துவிட்டன என்று நாம் சொல்லவில்லை, இழுத்தடித்தவையும் உண்டு. ஆனாலும் முதலாளி தன் கணக்கை நம் ஆளின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியிருந்தது. அது சின்ன விஷயமல்ல.

இன்று மில் தொழிலாளியின் மகன் முதுகில் சோற்றுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடுகிறான். அவனுக்கு மேஸ்திரி கிடையாது. போனுக்குள் இருக்கும் கணக்குதான் மேஸ்திரி. இவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2023ல் நல வாரியம் அமைந்தது. கர்நாடகம் 2025ல் சட்டமே செய்தது. வேலையை நிர்ணயிக்கும் கணக்கு எப்படி ஓடுகிறது என்று கம்பெனி தொழிலாளிக்கு விளக்கவேண்டும் என்கிறது அது. வாரியத்தில் கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடம் உண்டு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தொழிலாளர் பிரதிநிதியைப் பொறுக்குவதும் சர்க்கார்தான். நம் ஆளை நாமே அனுப்பும் உரிமை இன்னும் வரவில்லை.

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ கூட 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த மேடைகளை ஒழுங்கு செய்யும் வேலையில் எல்லாத் தரப்பாரும் பங்குபெற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. “எல்லாத் தரப்பும்” என்ற சொல்லைக் கேட்டு நாம் மயங்கிவிடக் கூடாது. கம்பெனி சார்பில் பத்து வக்கீல்களும், சர்க்கார் சார்பில் பத்து உத்தியோகஸ்தர்களும், ஓர் ஓரத்தில் பேச்சுக்கு ஒரு தொழிலாளியும் உட்கார்ந்தால் அது எந்தத் தரப்பு?

நாம் கேட்பது இது. மேடைகளைப் பற்றிய எந்த மசோதாவும் தமிழில் அச்சாகி ஊராட்சி ஆபீசுக்கு வரவேண்டும். யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள் என்பதைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அப்பீல் கமிட்டிகளில் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் வேண்டும். பழனி மலைப் பளியர் போன்ற மலைஜனங்களுக்கும் இடம் வேண்டும். ஒரு வீடியோவை நீக்கினால், யார் உத்தரவால், என்ன காரணத்தால் என்று அதை ஏற்றியவருக்குத் தாய்மொழியில் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.

அடுத்த யூனியன் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மில் கிளைகளும் கிராமக் கிளைகளும் நிறைவேற்றும் தீர்மானத்தின் ஒரு நகல் உங்கள் தொகுதி எம்.பி.க்குப் போகட்டும், இன்னொரு நகல் டெல்லியில் தகவல் ஒலிபரப்பு மந்திரிக்குப் போகட்டும்.