மாவட்டம் பிரிக்கிற மாதிரியாம்!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பைத்தான் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வசனம் உண்டு: "அன்பேக்கிங்னா வேற ஒண்ணுமில்ல தம்பி, மாவட்டம் பிரிக்கிற மாதிரி." பல வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

1993 செப்டம்பர் 30-இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரத்தைப் பிரித்தார்கள். தாய் மாவட்டம் சுருங்கியது. இன்று அந்தப் பெயரே இல்லை, கடலூர் என்கிறோம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்தது. திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போனது, விழுப்புரம் இளைத்தது. பிரிவினை என்றால் கொடுத்தவன் கையில் குறையத்தான் செய்யும்.

பைத்தானில் அன்பேக்கிங் செய்தால் என்ன குறைகிறதாம்?

எண்கள் = (32, 16)
விழுப்புரம், திண்டிவனம் = எண்கள்

நம் ஊர் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் இருப்பவைதான். (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது என்பதும் இவர்கள் வசனமே. பைத்தான் 3 பேசாமல் ஏற்றுக்கொள்கிறது.) இப்போது 'எண்கள்' என்ன ஆயிற்று என்று பிரிண்ட் போட்டுப் பாருங்கள். (32, 16). அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்த ஒவ்வொரு மதிப்புக்கும் கூடுதலாக ஒரு பெயர் ஒட்டியது, அவ்வளவுதான். சர்வேயர் வரவில்லை, எல்லைக்கல் நடவில்லை, கலெக்டர் ஆபீசுக்கு இடம் தேடவில்லை. 'எண்கள்' என்ற அதே டப்பிளை இன்னும் பத்து ஜோடிப் பெயர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அதில் ஓர் இம்மி குறையாது. எந்தத் தாலுகா அப்படிப் பிரிந்தது?

ஜெனரேட்டரைப் பிரித்தால் காலியாகுமே என்பார்கள். ஆகும். அது வேறு சங்கதி.

இவர்களின் இன்னொரு வசனம்: அடைப்புக்குறி போட்டால்தான் டப்பிளாம். மேலே அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், கமா போதும்.

மதிப்பு அதிகமானால் மீதியை விட்டுவிடுமாம். கடலூரின் 31-ஐயும் சேர்த்து மூன்றாக்கி, இடப்பக்கம் இரண்டே பெயரை வையுங்கள். வேல்யூஎரர்தான் வரும். பேசாமல் விட்டுவிடுவது ஜாவாஸ்கிரிப்ட். அந்த வகுப்பில் போய்ச் சொல்லட்டும். மீதி வேண்டுமென்றால் ஒரு பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட வேண்டும். மிஞ்சியது லிஸ்ட்டாக வரும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் வெறும் லிஸ்ட்.

கடைசியாக ஒரு வரி:

விழுப்புரம், திண்டிவனம் = திண்டிவனம், விழுப்புரம்

வலப்பக்கத்து மதிப்புகள் இரண்டையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் இடப்பக்கத்துப் பெயர்களை இடமிருந்து வலமாக ஒட்டுகிறது பைத்தான். அதனால்தான் 16, 32 என்று மாறுகிறது. தனித்தனி இரண்டு வரியாக எழுதினால் இரண்டும் 16 ஆகிவிடும். மாவட்டக் கதையை வைத்து இதை விளக்குங்கள் என்று ஒருவரிடம் கேட்டேன்.

"அது பைத்தான் மேஜிக் சார்" என்றார்.