சிப்பாயின் இடுப்பில் கைத்துப்பாக்கி: யாருக்குத் தேவை?

பெங்களூருவில் அல்சூர் ஏரியை ஒட்டி அமைந்துள்ள மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் தமிழர் பலருக்கும் அறிமுகமானது. 1780-இல் தோன்றிய இப்படைப்பிரிவில் இன்றும் தென்மாநில இளைஞர்களே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றனர். "தம்பி" என்பதே ராணுவ வட்டாரத்தில் இவர்களுக்கு வழங்கும் பெயர். பாலம் அமைப்பதும், கண்ணிவெடி அகற்றுவதும், பின்வரும் படைக்குப் பாதை திறந்துவிடுவதும் இவர்களின் பணி. கண்ணிவெடியைத் தேடிச் செல்லும் வீரரின் கைகளில் கருவி இருக்கும். துப்பாக்கியோ முதுகில் தொங்கும். முப்பது அடி தொலைவிலிருந்து ஒருவன் சுடத் தொடங்கினால், முதுகில் இருப்பதை இறக்கிக் குறிபார்க்க அவருக்கு எத்தனை விநாடிகள் கிடைக்கும்?

சாதாரணப் படைவீரருக்கும் துப்பாக்கியுடன் ஒரு கைத்துப்பாக்கி வழங்கப்பட வேண்டுமா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து பார்ப்பதே பொருத்தம். தில்லியில் இது பெரும்பாலும் வேறு கோணத்தில்தான் பேசப்படுகிறது. அதிகாரியின் இடுப்பில் இருப்பது சிப்பாயின் இடுப்பில் ஏன் இல்லை என்று ஒரு சாரார் கேட்கின்றனர். துப்பாக்கி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இரண்டுமே பாதிக் கேள்விகள்.

முதல் கேள்விக்கு வரலாற்று நியாயம் உண்டு. 1857 எழுச்சிக்குப் பின்னர், இந்தியச் சிப்பாயின் கையில் இருப்பது வெள்ளைக்காரச் சிப்பாயின் ஆயுதத்தைவிட ஒரு தலைமுறை பழையதாக இருக்க வேண்டும் என்பதை ஆங்கிலேய அரசு கொள்கையாகவே கடைப்பிடித்தது. பீரங்கிகள் பெரும்பாலும் அவர்களிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குடிமக்களுக்கும் அதே அவநம்பிக்கையை விரித்தது. கைத்துப்பாக்கி அதிகாரியின் அடையாளம் என்ற எண்ணம் அந்தக் காலத்தின் எச்சம்தான். ஆனால், இன்று களத்தில் இருக்கும் இளம் அதிகாரிகள் அந்த அடையாளத்தைத் தாமே கைவிட்டுவிட்டனர். காஷ்மீரில் தேடுதல் வேட்டைக்குச் செல்லும் கேப்டனும் மேஜரும் தம் வீரர்களைப் போலவே ஏ.கே. ரகத் துப்பாக்கியைத்தான் ஏந்துகின்றனர். கைத்துப்பாக்கியுடன் முன்னே நடப்பவர் அதிகாரி என எதிரிக்கு எளிதில் தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். ஐம்பது மீட்டருக்கு அப்பால் கைத்துப்பாக்கியால் பெரிதாகப் பயனில்லை என்பது இன்னொன்று. ஆக, இதை உரிமைப் பிரச்னையாக மட்டுமே எழுப்புவோர் சிப்பாய்க்குக் கேட்பது, அதிகாரியே களத்தில் நம்பாத ஓர் ஆயுதத்தை.

அப்படியானால் பிரிட்டன் ஏன் வாங்கியது? 2013 ஜனவரியில், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருந்த பிரௌனிங் கைத்துப்பாக்கிக்குப் பதிலாக 25,000-க்கும் மேற்பட்ட குளோக் 17 கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய 90 லட்சம் பவுண்டு செலவில் வாங்க அந்நாடு முடிவு செய்தது. ஆப்கானிஸ்தானில், தாம் பயிற்சியளித்த உள்ளூர்ப் படையினரே முகாமுக்குள் திடீரெனத் திரும்பிச் சுட்ட நிகழ்வுகள் அப்போது பெருகியிருந்தன. உணவருந்தும் இடத்திலும் பேச்சுவார்த்தை நடக்கும் அறையிலும் நீளத் துப்பாக்கியை ஏந்தியபடி இருக்க முடியாது. அந்தக் குறிப்பிட்ட ஆபத்துக்கு அந்தக் குறிப்பிட்ட ஆயுதம் பொருந்தியது. அமெரிக்காவும் 2017-இல் தேர்வு செய்த புதிய கைத்துப்பாக்கியை அதிகாரிகளோடு நிறுத்தாமல் சிறு குழுத் தலைவர்கள் வரை கொண்டு சென்றது. அந்த ரகம் விசையை இழுக்காமலே வெடிக்கிறது என்று வழக்குகள் தொடரப்பட்டதும், நிறுவனம் அதை மறுத்து வருவதும் தனிக்கதை.

நம் நிலைமை வேறு. நம் சிப்பாய்க்கு நேர்ந்த இழப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கைத்துப்பாக்கி இல்லாததால் நேர்ந்தவை எத்தனை?

தமிழ் வாசகர்க்கு வேறு வகையிலும் வலி தரும் ஒரு நிகழ்வு, 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஹெலிகாப்டர் தரையிறக்கம். அங்கு இறக்கப்பட்ட 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் மாண்டனர். தோட்டா தீர்ந்த பின்னர் எஞ்சியவர்கள் துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்தனர். எதிரில் இருந்தவர்களிடம் ஏ.கே.47, இவர்களிடம் ஒவ்வொரு முறையும் விசையை இழுக்க வேண்டிய பழைய ரகம். அவர்களுக்குத் தேவைப்பட்டவை நல்ல துப்பாக்கியும், கூடுதல் தோட்டாவும், சரியான உளவுத் தகவலும். 1999-இல் கார்கில் குளிரில் இன்சாஸ் துப்பாக்கி சிக்கிக்கொண்டதும், அதன் மேகசின்கள் விரிசல் விட்டதும் ஊரறிந்த செய்தி. அதற்கு மாற்றாக 72,400 சிக் சாயர் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட 2019 ஆனது. அமேதி அருகே கோர்வாவில் தயாராகும் ஏ.கே.203-க்கு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் ஒப்பந்தம் போட 2021 டிசம்பர் ஆனது. இருபது ஆண்டுகள்! முதல் துப்பாக்கியைச் சீராக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்ட அமைப்பிடம் இரண்டாவதைக் கேட்பதற்கு முன்னர் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கல்வான் பள்ளத்தாக்கும் இந்த விவாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுகிறது. 2020 ஜூன் 15 இரவு கர்னல் சந்தோஷ் பாபுவும், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் உட்பட 20 பேர் உயிரிழந்தனர். அன்று அவர்களிடம் ஆயுதம் இருந்தது என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரே கூறினார். நேருக்கு நேர் மோதலில் துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்ற வழக்கம், 1996, 2005 ஆண்டுகளின் ஒப்பந்தங்களை ஒட்டி நெடுங்காலமாக இருந்து வந்தது. தோளில் இருந்ததையே பயன்படுத்தாதவர் இடுப்பில் இருந்ததை மட்டும் எப்படிப் பயன்படுத்தியிருப்பார்? அங்கே தடையாக நின்றது கொள்கை.

எடைக் கணக்கும் உண்டு. கைத்துப்பாக்கி, உறை, ஒரு கூடுதல் மேகசின் ஆகியவை சேர்ந்து ஒன்றரைக் கிலோவை நெருங்கும். அதே எடையில் ஏ.கே. துப்பாக்கியின் நிரம்பிய மேகசின்கள் ஏறக்குறைய இரண்டு, அதாவது 60 தோட்டாக்கள் கொண்டு செல்லலாம். மலையேறும் காலாட்படை வீரரிடம் எது வேண்டும் என்று கேட்டால் அவர் தயங்காமல் தோட்டாவைத்தான் எடுப்பார் என்பது என் கணிப்பு.

பணம் பெரிய தடை அன்று. பிரிட்டன் கொடுத்த விலையைக் கொண்டு கணக்கிட்டால் ஒன்றுக்கு 360 பவுண்டு. விலையேற்றத்தை விட்டுவிட்டால், நான்கு லட்சம் பேருக்கு வழங்க இன்றைய மதிப்பில் சுமார் 1,600 கோடி ரூபாய். பாதுகாப்புப் பட்ஜெட்டில் இது சிறு துளி. உண்மையான செலவு பயிற்சியில் இருக்கிறது. கைத்துப்பாக்கியால் சரியாகச் சுடுவது, தோளில் அணைத்துச் சுடுவதைவிட மிகக் கடினம். ஆண்டுக்குச் சில தோட்டாக்கள் சுட்டுப் பழகியவரின் கையில் அது எதிரியைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கே ஆபத்து. நம் வீரர்களால் முடியாது என்பதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளி வென்ற விஜய்குமார், அப்போது டோக்ரா படைப்பிரிவின் சுபேதாராக இருந்தவர். சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு இந்தத் திறன் வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால், மாவ் நகரின் துப்பாக்கிச் சுடுதல் பிரிவில் அவருக்குக் கிடைத்த தோட்டாக்களும் நேரமும் எல்லைச் சாவடிக் காவலருக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு கவலையைப் படைத்தலைமை வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2023 ஏப்ரலில் பதிண்டா ராணுவ முகாமில் நான்கு வீரர்கள் உறங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டனர். பயன்பட்டது முகாமிலிருந்தே திருடப்பட்ட இன்சாஸ். அதே ஆண்டு ஜூலையில் ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றார். விடுப்பு கிடைக்காமை, குடும்பச் சிக்கல், மன உளைச்சல் ஆகியவற்றால் படையினர் தம்மையே சுட்டுக்கொள்வது நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழும் செய்தி. நீளத் துப்பாக்கியைப் பணி முடிந்ததும் ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கிறார்கள். சட்டைக்குள் மறையும் ஆயுதத்தின் கணக்கு அத்தனை எளிதன்று. காஷ்மீரில் 2021-இல் பொதுமக்களைத் தேர்ந்தெடுத்துக் கொன்றவர்கள் கையாண்டது கைத்துப்பாக்கியைத்தான். ராணுவக் கிடங்கிலிருந்து நூறு காணாமற்போனாலும் அதன் விலையைக் கொடுக்கப்போவது தெருவில் நடக்கும் குடிமகன்.

இத்தனைக்குப் பிறகும் முழு மறுப்பை நான் ஏற்கவில்லை. அல்சூரிலிருந்து புறப்பட்டுப் போகும் தம்பிகளைப் போன்றோருக்கு இந்த வாதங்கள் எவையும் பொருந்தா. கண்ணிவெடி தேடுபவர், காயம்பட்டவரைத் தூக்கும் மருத்துவ உதவியாளர், மோப்ப நாயை நடத்துபவர், நெருக்கடியான இருக்கையில் வண்டி ஓட்டுபவர், கனரக இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பவர் ஆகியோரின் கைகள் வேறு வேலையில் இருக்கின்றன. இருட்டு வீட்டின் மாடிப்படியில் முதலில் ஏறுபவரையும் இவர்களோடு சேர்க்கலாம். தேசியப் பாதுகாப்புப் படை தன் கமாண்டோக்களுக்குக் கைத்துப்பாக்கி வழங்குவது இந்தக் காரணத்தால்தான். பதான்கோட்டில் 2016 ஜனவரியில் வெடிகுண்டை அகற்றும் பணியில் உயிர்நீத்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் மதராஸ் பொறியாளர் படையிலிருந்து சென்றவர். பெங்களூருவில் குடியிருந்த குடும்பம். அவரைக் கைத்துப்பாக்கி காப்பாற்றியிருக்காது. எனினும், அந்தப் பணியின் நெருக்கம் எத்தகையது என்பதை அவரது மரணம் காட்டுகிறது.

பதவியைப் பார்த்து வழங்குவதை விட்டுப் பணியைப் பார்த்து வழங்கினால் தேவைப்படும் எண்ணிக்கை சில பத்தாயிரங்களில் அடங்கிவிடும். தயாரிக்கவும் ஆள் இருக்கிறார்கள். இஷாப்பூர் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாகப் பழைய பிரௌனிங் ரகத்தைச் செய்து வருகிறது. பெங்களூருவின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் சிறுரக ஆயுதத் துறையில் இறங்கியுள்ளன. ராணுவ அதிகாரி ஒருவரும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய "அஸ்மி" என்னும் சிறு தானியங்கித் துப்பாக்கி 550 எண்ணிக்கையில் 2024-இல் வடக்குப் படைத் தலைமையகத்துக்குச் சென்றது. கைக்கு அடக்கமான கார்பைனுக்கோ, 2018-இல் 93,895 வாங்கத் தேர்வு செய்து, 2020-இல் கைவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்தக் கார்பைன்கள் படைகளுக்கு முழுமையாகச் சென்று சேர்ந்தால், கைத்துப்பாக்கி கேட்பவர்களில் ஒரு பகுதியினர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை நாடாளுமன்றத்தில் அடுத்த முறை வரும்போது தமிழக, கர்நாடக உறுப்பினர்கள் அமைச்சரிடம் கேட்க வேண்டியவை இவை: கண்ணிவெடி அகற்றும் பிரிவுகளில் சிப்பாய் நிலையில் உள்ள எத்தனை பேருக்குக் கைத்துப்பாக்கி தரப்பட்டிருக்கிறது? அவர்கள் ஒவ்வொருவரும் சென்ற ஆண்டு பயிற்சியில் சுட்ட தோட்டாக்கள் எத்தனை?